90-ன்னா எந்த 90? மேத் லைப்ரரி எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ப்ரோக்ராமிங் மொழிகளோடவே சேர்ந்து வர்ற ஸ்டாண்டர்டு லைப்ரரியை (எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துற தயார் கோட் தொகுப்பை) எழுதுறவங்களுக்கும், அதுல எது வரலாம் எது வரக்கூடாதுன்னு முடிவு பண்றவங்களுக்கும்,

போன மாசம் ஒரு மேத் லைப்ரரிக்கு ஒரு கோரிக்கை வெச்சேன். கோணத்தை டிகிரியிலயே நேரா வாங்கிக்கிற சைன், காஸ், டேன் ஃபங்ஷன் வேணும், அது டிகிரிக்குன்னு பேரைப் பார்த்தாலே தெரியணும்னு கேட்டு, ஏன் வேணும்னு காரணமும் விலாவாரியா எழுதியிருந்தேன். ரெண்டே நாள்ல மூடிட்டாங்க. இருக்கிற சைன் ரேடியன்ங்கிற இன்னொரு கோண அளவுலதான் எண்ணை வாங்கும் (180 டிகிரின்னா பை ரேடியன், பை-ன்னா அந்த 3.14), அதனால டிகிரியை பையால பெருக்கி 180-ஆல வகுத்தா வேலை முடிஞ்சது, ஒரு வரிக்கு எதுக்கு தனி ஃபங்ஷன்னு பதில். மூடினவங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க சம்பளம் கூட வாங்காம பார்த்துக்கிற லைப்ரரி அது, எனக்கு தெரியும். ஆனா அதே பதிலை நான் வேற வேற இடத்துல பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன், இந்த தடவை பேசாம போக மனசு வரல. அந்த ஒரு வரி எங்ககிட்ட இருந்து எவ்வளவு நேரத்தையும் எவ்வளவு நம்பிக்கையையும் பிடுங்கியிருக்குன்னு உங்களுக்கு யாராவது சொல்லணும்.

நான் முதன்முதலா சொந்தமா யோசிச்சு எழுதின ப்ரோக்ராம் ஒரு கடிகாரம். வட்டமா 12 புள்ளி வெச்சு பக்கத்துல எண் போடணும், நடுவுல ஒரு செகண்டு முள் சுத்தணும், அவ்வளவுதான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 30 டிகிரி, இது ஸ்கூல்ல படிச்ச கணக்கு. பூஜ்ஜியத்துல இருந்து 11 வரைக்கும் லூப் ஓட்டி, லூப் எண்ணை 30-ஆல பெருக்கி சைனுக்கும் காஸுக்கும் குடுத்தேன். திரையில வட்டம் வந்துடுச்சு! 12 உச்சியில சரியா உட்கார்ந்திருந்துச்சு. ஆனா 1 இருக்க வேண்டிய இடத்துல 1 இல்ல, அது 9 இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டி இருந்துச்சு, 2 ஆறரை பக்கம் கீழ கிடந்துச்சு. புள்ளிக்கு புள்ளி இடைவெளியைப் பார்த்தா பெரும்பாலும் ஒரே அளவு, கிட்டத்தட்ட 35 டிகிரி, மூணு இடத்துல மட்டும் ரெண்டு ரெண்டு புள்ளி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா, அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் கோணத்தோட அளவு, அதாவது டிகிரியா ரேடியனாங்கிறது, தப்புன்னு தோணாது. அளவு தப்புன்னா வட்டமே வந்திருக்கக்கூடாது இல்லையா? ஆனா வட்டம் வரும். சைனோட வர்க்கத்தையும் காஸோட வர்க்கத்தையும் கூட்டினா 1, உள்ள போற எண் டிகிரின்னு நினைச்சு குடுத்ததா ரேடியன்னு நினைச்சு குடுத்ததாங்கிறது அந்த சமன்பாட்டுக்கு ஒரு பொருட்டே இல்ல. அதனால எல்லாப் புள்ளியும் ஒழுங்கா வட்டத்து மேலயே விழுந்து, வட்டத்துக்குள்ள மட்டும் இடம் மாறி உட்காரும். உச்சியில இருந்த 12-ம் என்னை ஏமாத்திச்சு, பூஜ்ஜியம் டிகிரியும் பூஜ்ஜியம் ரேடியனும் ஒண்ணுதானே. ஃபார்முலா சரி, லூப்லதான் எங்கயோ தப்புன்னு நான் லூப்பை நோண்ட ஆரம்பிச்சேன்.

செகண்டு முள் இன்னும் மோசம். செகண்டுக்கு 6 டிகிரி நகரணும்னு 6 குடுத்தேன், அது பின்னாடி போச்சு. 6 ரேடியன்னா 343.77 டிகிரி, அதாவது ஒரு முழு சுத்துக்கு 16 டிகிரியும் சொச்சமும் குறைவு, கண்ணுக்கு அது செகண்டுக்கு 16 டிகிரி பின்னால துள்ளுற மாதிரிதான் தெரியும். நான் ப்ளஸ் மைனஸ் தப்புன்னு நினைச்சு குறியை மாத்தினேன், முள் முன்னாடி ஓடிச்சு. சரி திசை வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டா ஒரு நிமிஷத்துல ரெண்டரை சுத்துக்கு மேல சுத்துது. அப்புறம் வேகத்தைக் குறைக்க டைமரைப் பிடிச்சுக்கிட்டு தொங்கினேன். ரெண்டு நாள். கடைசியில வேற எதையோ தேடும்போது ரேடியன்ங்கிற வார்த்தை கண்ணுல பட்டுச்சு. அந்த ரெண்டு நாள்ல கோடைச் சரிபார்த்து ஓடுற வடிவத்துக்கு மாத்துற கம்பைலர் ஒரு எச்சரிக்கை குடுக்கல, ப்ரோக்ராம் ஒரு தடவை கூட நிக்கல.

இதுதான் இந்தப் பிழையோட குணம். பல மொழிகள்ல பூஜ்ஜியத்தால வகுத்தா கத்துது, இல்லாத ஃபைலைத் திறந்தா கத்துது, எழுத்து இருக்கிற இடத்துல எண் போட்டா கத்துது. சைனுக்கு எதைக் குடுத்தாலும் மைனஸ் 1-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு எண்ணை அமைதியா நீட்டிடும். சைன் 90 கேட்டா 0.894 வரும், 1-ன்னு எதிர்பார்த்தவனுக்கு அது ஏதோ ரவுண்டிங் பிரச்சனை மாதிரிதான் தெரியும். நான் சொல்லிக் குடுத்த ஒரு பையன் எல்லா விடையையும் 0.894-ஆல வகுத்து, மேல அட்ஜஸ்ட்மென்ட்னு கமெண்ட் போட்டு வெச்சிருந்தான். அவன் திறமையான பையன். கையில கிடைச்ச ஆதாரத்தை வெச்சு நியாயமாத்தான் யோசிச்சிருக்கான், ஆதாரம்தான் அவனை ஏமாத்திடுச்சு. அடுத்து சைன் 30 போட்டுப் பார்த்து மைனஸ் 0.988 வந்ததும் ஆடிப்போய் என்கிட்ட வந்தான்.

இது கத்துக்குட்டிங்க பிரச்சனை, வேலைக்கு வந்தா சரியாயிடும்னு சொல்லுவீங்க. சரியாகல. நான் இருந்த ஒரு டீம்ல ரெண்டு இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை வெச்சு தூரம் கணக்கு போடுற கோட் இருந்துச்சு. சின்ன தூரத்துக்கு பெரிய ஃபார்முலா வேண்டாம், வடக்கு தெற்கா ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்குக்கு அதையே அட்சரேகையோட காஸால பெருக்கிக்கலாம். எழுதினவர் அனுபவசாலி. ஜிபிஎஸ் டிகிரியில குடுத்த எண்ணை அப்படியே காஸுக்குள்ள விட்டுட்டார், அது ஒரு அவசர நாள்.

டெஸ்ட் பண்ணின இடம் 13 டிகிரி அட்சரேகை. 13 டிகிரியோட உண்மையான காஸ் 0.974, 13-ஐ ரேடியனா எடுத்துக்கிட்டா 0.907. கிழக்கு மேற்கா 0.1 டிகிரி தள்ளி இருக்கிற ரெண்டு இடத்துக்கு 10.8 கிலோமீட்டர் வர வேண்டியது 10.1 வந்துச்சு. யாருக்கு சந்தேகம் வரும்? ரோடு வளைஞ்சு போகும், ஜிபிஎஸ் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், தோராயக் கணக்குதானேன்னு எல்லாரும் தலையாட்டி, கோட் போய் ஓட ஆரம்பிச்சிடுச்சு. மாசக்கணக்கா ஓடுச்சு. அப்புறம் 11 டிகிரி அட்சரேகையில இருந்த ஒரு ஊரைச் சேர்த்தாங்க. 11 ரேடியனோட காஸ் 0.0044. அங்க கிழக்கு மேற்கா 10.9 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு இடத்துக்கு நடுவுல வெறும் 49 மீட்டர்னு கணக்கு சொல்லிச்சு. ஒரு மூலையில இருக்கிற ஆளுக்கு இன்னொரு மூலையில இருக்கிற வேலையை, பக்கத்துலதான்னு நினைச்சு, கோட் ஒதுக்கிடுச்சு. முதல்ல ஜிபிஎஸ்ஸை சந்தேகப்பட்டோம், அப்புறம் டேட்டாவை, அப்புறம் அந்த ஊருக்கான அமைப்பை, பழைய ஊருல எல்லாம் நல்லா ஓடுதேன்னு அந்த காஸ் வரியை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கல. பழைய ஊருலயும் அது ஏழு சதவீதம் தப்பாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சுங்கிறது கடைசியிலதான் தெரிஞ்சது.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு சின்ன ரோபோ கை, ஒருத்தர் எழுதின ஃபங்ஷன் கோணத்தை ரேடியனா மாத்தி அனுப்புது, இன்னொருத்தர் எழுதின ஃபங்ஷன் வாங்கினதும் பாதுகாப்புக்குன்னு இன்னொரு தடவை ரேடியனா மாத்துது. ரெண்டு பேருமே ஜாக்கிரதையா இருந்தவங்க, அந்த ஜாக்கிரதைதான் வினை. 90 டிகிரி 1.57 ஆகி, 1.57 திரும்ப சுருங்கி 0.027 ஆகி, கை லேசா நடுங்கிட்டு நின்னுடுச்சு. மோட்டார் போச்சுன்னு மாத்தினோம், வயரைக் கழட்டி மாட்டினோம், பவர் சப்ளையை மாத்தினோம். ரெண்டு ஃபங்ஷன்லயும் அந்த மாறிக்குப் பேர் ஆங்கிள். ஆங்கிள்னு சொன்னா எந்த அளவுல? சொல்ல இடமே இல்ல, அது வெறும் ஒரு தசம எண்.

இங்கதான் உங்க பொறுப்பு வருதுன்னு நான் நினைக்கிறேன். ஒரு சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல கூட திரை ஓரத்துல டிகிரியா ரேடியனான்னு குட்டியா ஒரு குறி இருக்கும், அதைப் பார்க்காம விட்டா தப்பு நம்மது. உங்க ஃபங்ஷன்ல பார்க்கிறதுக்கே ஒண்ணும் இல்ல. எடிட்டர்ல சைன்னு அடிச்சா வர்ற குறிப்புல உள்ள போற எண்ணுக்குப் பேர் ஜாவாஸ்கிரிப்ட்ல எக்ஸ், ஜாவாவுல ஏ. ரேடியன்ங்கிற வார்த்தை கீழ விளக்கத்துல இருக்கும், கோட் எழுதுற வேகத்துல அங்க வரைக்கும் எத்தனை பேர் போவாங்க?

வெளி உலகம் மொத்தமும் டிகிரியில பேசுது. திசைகாட்டி டிகிரி, பாகைமானி டிகிரி, ஜிபிஎஸ் டிகிரி. அர்டுயினோங்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டுல, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற சர்வோ மோட்டாருக்கு 0-ல இருந்து 180 வரைக்கும் டிகிரியில குடுக்கணும், அதே ப்ரோக்ராம்ல அடுத்த வரியில சைன் போட்டா ரேடியன். ஒரே பிரவுசருக்குள்ள, படம் வரையுற எஸ்விஜி-யில ரொட்டேட் 90 எழுதினா கால் சுத்து, படம் வரையுற இன்னொரு வழியான கேன்வாஸ்ல அதே ரொட்டேட் 90 எழுதினா 14 சுத்துக்கு மேல சுத்தி எங்கயோ நிக்கும், ஆனா பக்கத்தோட தோற்றத்தை எழுதுற சிஎஸ்எஸ்-ல வெறும் 90 எழுதினா ஏத்துக்கவே ஏத்துக்காது, டிகிரியா ரேடியனா டர்னான்னு (டர்ன்னா முழு சுத்து) எண்ணோட ஒட்டி எழுதியே ஆகணும். மூணுல எதுல நான் இந்தத் தப்பை ஒரு தடவை கூட பண்ணினது இல்லன்னு கேட்டா சிஎஸ்எஸ்-லதான். அங்க எனக்கு புத்தி கூடிடல. அந்த மொழி என்னைக் கேட்டுச்சு, நான் பதில் சொன்னேன்.

ரேடியன்தான் இயல்பான அளவுன்னு சொல்றவங்களோட எனக்கு சண்டை இல்ல. வட்டத்தோட ஆரத்தையே எடுத்து வில் மேல வளைச்சு வெச்சா வர்ற கோணம் அது, எவ்வளவு அழகான யோசனை. அதுலதான் சைனை வகையிட்டா சுத்தமா காஸ் வரும், டிகிரியில போட்டா ஒவ்வொரு தடவையும் 0.01745-ன்னு ஒரு பெருக்கல் வாலா ஒட்டிக்கிட்டு வரும். சின்னக் கோணத்துக்கு சைனும் கோணமும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு சொல்றதும் ரேடியன்ல மட்டும்தான். சிக்னல் ப்ராசஸிங் பண்றவங்களுக்கும் இயற்பியல் பண்றவங்களுக்கும் அது உயிர். ரேடியன்ங்கிற பேர் 1873-ல பேராசிரியர் ஜேம்ஸ் தாம்சன் வெச்ச ஒரு பரீட்சை வினாத்தாள்லதான் முதல்ல அச்சாச்சுன்னு படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, 360 டிகிரியோட கணக்கு பாபிலோன் வரைக்கும் போகுது. ரெண்டுமே இருக்கட்டும். ரேடியனை எடுத்துடுங்கன்னு நான் கேட்கல, இருக்கிற சைனோட அர்த்தத்தை மாத்துங்கன்னும் கேட்கல, அது மாத்தினா உலகத்துல பாதி கோட் உடைஞ்சிடும்.

ரேடியனுக்கு அலகே கிடையாது, நீளத்தை நீளத்தால வகுத்தது, அது சுத்தமான எண்ணுன்னு ஒருத்தர் எனக்கு பதில் எழுதினார். உண்மைதான். ஆனா நான் குடுக்கிற 90-ம் கம்ப்யூட்டர் கண்ணுக்கு சுத்தமான எண்ணாத்தான் தெரியுது, அதனாலதானே ரெண்டும் கலந்து போகுது.

இப்போ அந்த ஒரு வரிக்கு வர்றேன். பையால பெருக்கி 180-ஆல வகுத்தா ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்க. ஒண்ணு இல்ல, இது உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும். பை-யை கம்ப்யூட்டர்ல முழுசா எழுத முடியாது. அதனால பைத்தான்ல 30 டிகிரியை ரேடியனா மாத்தி சைன் எடுத்தா 0.5 வராது, 0.49999999999999994 வரும். 180-க்கு பூஜ்ஜியம் வராது, தசமப்புள்ளிக்கு அப்புறம் 15 பூஜ்ஜியம் தாண்டி 122-ன்னு ஒரு மிச்சம் நிக்கும். 90-க்கு டேன் எடுத்தா முடிவிலி வரணும், 17 இலக்கத்துல ஒரு எண் வந்து நிக்குது, அது முடிவிலி இல்லாததால எந்த சோதனையிலயும் மாட்டாது. காஸ் பூஜ்ஜியமான்னு கேட்டு ஒரு இஃப் நிபந்தனை போட்டா 90 டிகிரியில அது எப்பவும் இல்லைன்னுதான் சொல்லும், செங்குத்தான கோட்டைக் கண்டுபிடிக்க அந்த இஃப்பை நம்பி உட்கார்ந்த கோடை நான் பார்த்திருக்கேன்.

இதுல எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் என்னன்னா, நாங்க டிகிரியை பையால பெருக்கி உங்ககிட்ட குடுக்கிறோம், நீங்க உள்ள வாங்கினதும் எந்த கால் வட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்க அதை பையில ஒரு பங்கா பிரிச்சு சுருக்குறீங்க. பெருக்குறதுலயும் பிழை, சுருக்குறதுலயும் வேலை. டிகிரியாவே வாங்கினா 360-ஆல வகுத்த மிச்சத்தை துல்லியமா எடுத்துடலாம், 90-ம் 180-ம் 270-ம் முழு எண்ணாவே கைக்கு வரும். இதை வெளியில இருந்து நாங்க ஒரு வரியில செய்யவே முடியாது, உள்ள இருக்கிற நீங்கதான் செய்ய முடியும்.

முடியாத காரியம்னும் சொல்ல முடியாது, செஞ்சவங்க இருக்காங்க. ஜூலியா, மேட்லேப் மொழிகள்ல டிகிரிக்குன்னே சைன்டி, காஸ்டி இருக்கு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 9.6 பதிப்புல இருந்து டிகிரி ஃபங்ஷன்கள் தனியா வந்துச்சு, 30 மாதிரி இடத்துல பிழை வராம இருக்க ரேடியனா மாத்துறதைவிட இதையே பயன்படுத்துங்கன்னு அவங்க ஆவணமே சொல்லுது. ஃபோர்ட்ரான் 2023 தரத்துலயே சேர்த்துட்டாங்க. சி மொழி 2023 தரத்துல சைன்பை, காஸ்பைன்னு வந்திருக்கு, பேர்லயே பை இருக்கு, அரை சுத்துதான் ஒண்ணு, அதுவும் நல்ல வழிதான். ஒரு டேட்டாபேஸ் செய்யலாம்னு நினைச்சதை ஒரு மேத் லைப்ரரி ஏன் ஒரு வரின்னு தள்ளுது?

நேரத்தைக் குறிக்கிற எண்ணுக்கு நீங்களே இதைச் செஞ்சிருக்கீங்க. முன்னாடி ப்ரோக்ராமைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற ஸ்லீப்புக்கு 5 குடுத்தா செகண்டா மில்லிசெகண்டான்னு ஆளுக்கு ஆள் ஒரு அர்த்தம். சி ப்ளஸ் ப்ளஸ்-ல 2011-ல க்ரோனோங்கிற நேர லைப்ரரி வந்தப்போ செகண்டுக்கு ஒரு டைப் (மதிப்பு எந்த வகைன்னு மொழிக்குச் சொல்றது), மில்லிசெகண்டுக்கு ஒரு டைப், வெறும் 5 குடுத்தா கம்பைல் ஆகாது. கோ, ரஸ்ட் மொழிகள்லயும் டியூரேஷன்னு தனி டைப் இருக்கு. அதே ரஸ்ட்ல சைன் இன்னும் வெறும் தசம எண் மேலதான் நிக்குது. நேரத்துக்குக் கிடைச்ச மரியாதை கோணத்துக்கு ஏன் கிடைக்கல?

நான் கேட்கிறது இதுதான். முதல்ல, செலவே இல்லாதது: சைன், காஸ், டேனுக்குள்ள போற அந்த எக்ஸை ரேடியன்ஸ்னு பேர் மாத்துங்க, எடிட்டர் குறிப்புல அந்த ஒரு வார்த்தை கண்ணுல பட்டா போதும், பழைய கோட் கிட்டத்தட்ட எதுவும் உடையாது. அதோட டிகிரியை நேரா வாங்குற ஃபங்ஷன்களை ஸ்டாண்டர்டு லைப்ரரிக்குள்ளயே குடுங்க, 30-க்கும் 90-க்கும் 180-க்கும் துல்லியமான விடை வர்ற மாதிரி, வெளிய வர்ற கோணத்துக்கும் சேர்த்து, எக்ஸ், ஒய் குடுத்தா கோணத்தைத் தர்ற ஏடேன்2-வோட டிகிரி வடிவத்தை மறந்துடாதீங்க. ப்ரோக்ராம் முழுசுக்கும் டிகிரி மோடுன்னு ஒரு சுவிட்ச் மட்டும் தயவுசெய்து வேண்டாம், ஒரு லைப்ரரி அதைத் திருப்பி வெச்சா இன்னொரு லைப்ரரி செத்துடும்.

டைப் வசதி இருக்கிற மொழிக்காரங்க கோணத்துக்குன்னு ஒரு டைப் குடுங்க, டிகிரியில இருந்தும் ரேடியன்ல இருந்தும் அதை உருவாக்கலாம், வெறும் எண் குடுத்தா ஏத்துக்கக் கூடாது. கோடைப் படிச்சு தப்பா இருக்கக்கூடிய இடத்தைச் சுட்டிக் காட்டுற லின்டர் எழுதுறவங்க, சைனுக்குள்ள நேரா 30, 45, 60, 90, 180, 360-ன்னு எண் இருந்தா ஒரு எச்சரிக்கை போடுங்க, 90 ரேடியன் வேணும்னே எழுதுறவங்க ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேர், அவங்க அந்த எச்சரிக்கையை அணைச்சுக்கட்டும். டாக்குமென்ட் எழுதுறவங்க, உதாரணத்துக்கு சைன் 0 போடாதீங்க, அது எந்த அளவுலயும் சரியா வந்துடும். சைன் 90 போட்டு 0.894 வர்றதைக் காட்டி, ஏன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதுங்க.

மூடின என்னோட கோரிக்கையைத் திரும்பத் திறங்க. கோடை நானே எழுதித் தர்றேன், டெஸ்டும் எழுதித் தர்றேன், அந்த டெஸ்ட்ல 11 டிகிரிக்கும் 13 டிகிரிக்கும் தனித்தனியா ஒரு வரி இருக்கும்.